எத்தனை பேர்?

ஜப்பானில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் வந்து விழும் கேள்வி "நன்மெய்-சமா தெஸ் கா?" என்பதுதான். எத்தனை பேர் என்று அர்த்தம். பதில் சொல்ல ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. விரலைக் காட்டினால் போதும். நம்மூர் அம்மாக்கள் கேட்பதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். "யார் யாருடி போறீங்க?" ஆனால் அதற்கு ஒற்றை விரலைக் காட்டிவிட்டு நிம்மதியாகப் போய் உட்கார்ந்துவிட முடியாது. :-)

இது திருவாரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி 2023 நவம்பர் கடைசியில் டோக்கியோவுக்குப் போய்வந்த கதை. பெயர் வேண்டாம். செண்டாய் நகரத்தில் முதுகலை இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். செண்டாயிலிருந்து டோக்கியோ தெற்கே சுமார் 350 கிலோமீட்டர். ஷின்கான்சென் ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் டிக்கெட் 11,000 யென்னுக்கு மேல். இரவுப் பேருந்தில் ஐந்தரை ஆறு மணி நேரம் ஆகும், காசு அதில் பாதிகூட ஆகாது. உதவித்தொகையில் காலம் தள்ளுகிறவர்கள் எதில் போவார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

முதலில் மூன்று பேராகப் போவதாகத்தான் திட்டம். இவள், ஆய்வகத்தில் கூடப் படிக்கும் இந்தோனேசியப் பெண், விடுதியில் எதிர் அறையில் இருக்கும் வங்கதேசத்துப் பெண். வியாழக்கிழமை ஒருத்திக்குப் பேராசிரியர் வேலை கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை இன்னொருத்திக்குக் காய்ச்சல். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பேருந்துக் காசில் பெரும்பகுதி போய்விடும். இவளும் அறையிலேயே இருந்திருக்கலாம். ஒன்றரை வருடமாக ஜப்பானில் இருந்தும் டோக்கியோவை விமான நிலையத்தின் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்தவள். அவள் போவதென்று முடிவெடுத்தது வெள்ளிக்கிழமை மதியம். அம்மா போன் செய்தது அதற்குப் பத்து நிமிடம் கழித்து.

"எல்லாம் எடுத்து வச்சாச்சாடி?"

"ஆச்சும்மா. நைட்டு பதினோரு மணிக்கு பஸ்ஸு."

"மூணு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துலதானே சீட்டு?"

"ம்... ஆமாம்மா."

அவ்வளவுதான். பொய் என்று பார்த்தால் அந்த ஒரு 'ஆமாம்மா' மட்டும்தான்.

இரவுப் பேருந்தில் பெண்ணுக்குப் பக்கத்து இருக்கையைப் பெண்ணுக்கே ஒதுக்குகிறார்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் திரைகளை இழுத்துவிட்டு விளக்கை அணைத்துவிடுவார்கள். அதன் பிறகு யாரும் பேசக்கூடாது, கைபேசி வெளிச்சம்கூடப் பக்கத்தில் இருப்பவர் மேல் படக்கூடாது. திருவாரூரிலிருந்து சென்னைக்கு விடிய விடியச் சினிமாப் பாட்டோடு பயணம் செய்தவளுக்கு இந்த நிசப்தம் பயமாக இருந்ததாம். நடுவில் நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தியபோது இறங்கியவள், வண்டி எண்ணை மூன்று முறை மனப்பாடம் செய்துகொண்டுதான் கழிவறைக்குப் போனாள். கூட யாராவது இருந்தால் 'ஒரு ஆள் வரணும்' என்று டிரைவரிடம் சொல்வார்கள். இல்லாதபோதுதான் அந்த ஒரு வரியின் அருமை தெரிகிறது.

விடியற்காலை ஐந்தரை மணி. ஷின்ஜுகு. பேருந்து நிலையம் 2016-ல் திறந்தது, ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. கழிவறைக் கண்ணாடி முன்னால் ஒரு வரிசைப் பெண்கள் நின்று தலைசீவி, மை தீட்டி, உதட்டுச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஏதோ ஓர் ஊரிலிருந்து இவளைப் போலவே இரவெல்லாம் உட்கார்ந்து வந்தவர்கள். முக்கால்வாசிப் பேர் தனியாக. ஒருத்தியும் இன்னொருத்தியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வரிசையின் ஓரத்தில் நின்று பல் துலக்கும்போது முதல்முறையாகக் கொஞ்சம் தைரியம் வந்தது.

வந்த தைரியம் ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்குள் நுழைந்ததும் போய்விட்டது. ஒரு நாளைக்கு முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் புழங்கும், உலகத்திலேயே நெரிசலான நிலையம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய இடம். வெளியேறும் வழிகள் மட்டும் இருநூறுக்கு மேல். 2020 ஜூலைக்கு முன்பு, டிக்கெட் இல்லாமல் நிலையத்தின் கிழக்குப் பக்கத்திலிருந்து மேற்குப் பக்கம் போவதென்றால் ஊரையே சுற்ற வேண்டும். அந்த வருடம்தான் நேராக நடந்துபோக ஒரு பாதை திறந்தார்கள். அம்மணி அந்தப் பாதையைக் கண்டுபிடிக்கவே நாற்பது நிமிடம் ஆனது. பையைக் காசு போடும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியவள், பெட்டக எண்ணைப் படம் பிடித்தாள். பெட்டகம் இருக்கும் வாசலைப் படம் பிடிக்க மறந்தாள். அதன் பலனைச் சாயங்காலம் அனுபவித்தாள் என்பதோடு விட்டுவிடலாம்.

காலைச் சாப்பாடு, நின்றபடியே சாப்பிடும் சோபா நூடுல்ஸ் கடையில். வாசலில் ஓர் இயந்திரம். காசைப் போட்டு, படத்தைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினால் ஒரு துண்டுச்சீட்டு வரும். அதை மேடையில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் ஆவி பறக்கும் கிண்ணம் வந்துவிடும். இங்கே எத்தனை பேர் என்றுகூட யாரும் கேட்பதில்லை. மேசை, நாற்காலி எதுவும் இல்லாத கடையில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. இடது பக்கம் கோட்டு போட்ட ஒருவர், வலது பக்கம் கட்டட வேலைக்குப் போகும் உடுப்பில் ஒருவர். மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உறிஞ்சினார்கள்.

திருவாரூரில் ஒரு பெண் ஓட்டலில் தனியாக உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டால், சர்வர் முதல் கல்லாவில் இருப்பவர் வரை ஒரு முறையாவது பார்ப்பார்கள். கெட்ட பார்வை என்று சொல்ல முடியாது. யாரையோ எதிர்பார்க்கிறாள் போலிருக்கிறது, இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்ற பார்வை. அந்தப் பார்வை இங்கே இல்லை.

ஜப்பானியர்கள் இதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள், 'ஒஹிதோரிசமா'. தனியாக வந்தவரைக் கடைக்காரர்கள் மரியாதையாகக் குறிப்பிடும் சொல். தனியாக வாழ்கிற, தனியாக வெளியே போகிற பெண்களைக் குறிக்கும் சொல்லாக 2000களில் அது பிரபலமானது. 2007-ல் சமூகவியலாளர் உஎனோ சிசுகோ தனியாக வாழ்பவர்களின் முதுமை பற்றி எழுதி, விற்பனையில் சக்கைப்போடு போட்ட புத்தகத்தின் தலைப்பிலும் இதே சொல்தான். 'ஹிதோரி' என்றால் ஒருவர். முன்னால் இருக்கும் 'ஒ'வும் பின்னால் இருக்கும் 'சமா'வும் மரியாதைக்கு. தமிழில் இதற்கு என்ன இருக்கிறது? ஒண்டிக்கட்டை! ஆளையே கட்டையாக்கிவிட்டோம். (அவசரப்பட்டு ஜப்பானுக்குக் கோயில் கட்டவும் வேண்டாம். தனிமைப் பிரச்சினையைக் கவனிக்க 2021-ல் தனியாக ஓர் அமைச்சரை நியமித்த நாடும் இதுதான்.)

ஒன்பதரை மணிக்கு டோக்கியோ மாநகர அரசு அலுவலகத்தின் 45-வது மாடி. 202 மீட்டர் உயரம், கட்டணம் கிடையாது, மாணவர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்! மழையில்லாத குளிர்காலக் காலைகளில் மேற்கே ஃபுஜி மலை தெரியும். அன்று தெரிந்தது. கட்டடம், கட்டடம், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சாம்பல் நிறக் கட்டடம், அதற்கெல்லாம் பின்னால் உப்பைக் குவித்துவைத்த மாதிரி வெள்ளையாக ஒரு மலை. அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "அங்க பாரு" என்று சொல்லத் திரும்பினாள். திரும்பிய பிறகுதான் யாரிடம் என்று யோசனை வந்தது.

தனியாகப் போவதில் உண்மையான கஷ்டம் இதுதான் போலிருக்கிறது. பயத்தையோ வழி தொலைவதையோ சமாளித்துவிடலாம். நல்லதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறக்கும் அந்த ஒரு விநாடியை என்ன செய்வது? படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அம்மா பால் பாக்கெட்டை எடுத்து, காபியைக் கலந்துகொண்டு, கைபேசியைத் திறக்கும் நேரம். உடனே பதில் வந்தது.

"மல நல்லா இருக்கு. நீ எங்க?"

மதியம் மறுபடியும் ஷின்ஜுகு, இந்த முறை கிழக்குப் பக்கம். நகாமுராயா என்ற கடை. 1901-ல் ரொட்டிக் கடையாகத் தொடங்கியது. இங்கே இந்தியக் கறி பிரபலமான கதையை ஆய்வகத்தில் ஜப்பானிய மாணவர் ஒருவர் சொல்லியிருந்தார். இந்தியாவிலிருந்து வந்தவளுக்கு ஒரு ஜப்பானியர் சொல்லித்தான் அது தெரிய வேண்டியிருந்தது.

1912-ல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசப்பட்ட வழக்கில் தேடப்பட்டவர் ராஷ் பிஹாரி போஸ். 1915-ல் பி.என். தாகூர் என்ற பொய்ப் பெயரில், கவிஞர் தாகூரின் உறவினர் என்று சொல்லிக்கொண்டு, கப்பலேறி ஜப்பான் வந்து சேர்ந்தார். சில மாதங்களில் பிரிட்டிஷ் அரசாங்கம் கண்டுபிடித்துவிட்டது. அதன் நெருக்குதலால் அந்த வருடம் நவம்பர் கடைசியில் ஜப்பான் அரசு அவரை நாட்டை விட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு போட்டது. பிடிபட்டால் தூக்குதான். அப்போது நகாமுராயாவின் முதலாளி சோமா ஐசோவும் அவர் மனைவி கொக்கோவும் ரொட்டிக் கடைக்குப் பின்னாலிருந்த ஓவியக்கூடத்தில் அவரை ஒளித்து வைத்தார்கள். மொழி தெரியாத, போலீஸ் தேடுகிற ஓர் அயல்நாட்டுக்காரர். அவர்களுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பல மாதங்கள் அந்த அறைதான் அவருக்கு உலகம்.

1918-ல் அந்தத் தம்பதியின் மகள் தோஷிகோவை மணந்துகொண்டார். திருமணத்துக்குப் பிறகும் தலைமறைவு வாழ்க்கைதான், வீடு மாற்றி வீடு. 1923-ல் ஜப்பானியக் குடியுரிமை கிடைத்தது, நிம்மதியாக நடமாட முடிந்தது. 1925-ல் தோஷிகோ இறந்துவிட்டாள். இரண்டு குழந்தைகள். 1927-ல் நகாமுராயா சாப்பாட்டுப் பகுதியைத் திறந்தபோது போஸின் யோசனையில் இந்தியக் கறி மெனுவில் ஏறியது. ஜப்பானில் அதுவரை கறி என்றால் ஆங்கிலேயர் வழியாக வந்த, மாவு கரைத்த குழம்புதான். நம் நாட்டுக் கறி அது இல்லை என்று காட்டுவது அவருக்கு அரசியல். காதலும் புரட்சியும் கலந்த சுவை என்று இன்றைக்கும் அந்தக் கறியைச் சொல்கிறார்கள். பின்னாளில் இந்திய சுதந்திரச் சங்கத்தை நடத்தி, 1943-ல் அதன் தலைமையை சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவரும் இவர்தான். 1945 ஜனவரியில் டோக்கியோவில் இறந்தார். ஊருக்குத் திரும்பவே இல்லை.

"நன்மெய்-சமா தெஸ் கா?"

அவள் ஒற்றை விரலைக் காட்டினாள். இருவர் உட்காரும் மேசைக்கு அழைத்துப்போய், எதிர் நாற்காலியை அவள் பையும் கோட்டும் வைக்கும்படி நகர்த்திக் கொடுத்தார் அந்த அம்மாள். எலும்போடு கோழி, தனியே சோறு, தொட்டுக்கொள்ள ஊறுகாய் வகைகள். விலை அவளுக்கு இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. சுவை எப்படி? திருவாரூர் நாக்குக்குக் காரம் போதவில்லை, மசாலா வாசம் மட்டும் எங்கேயோ வீட்டுப் பக்கம் போய்வந்தது. நன்றாக இருந்தது என்றுதான் சொன்னாள். ஆனால் சாப்பிடும்போது அவளுக்கு ஞாபகம் வந்தது குண்டு வழக்கில் தேடப்பட்ட போஸ் இல்லையாம். அந்த அறைக்குள் தினமும் தட்டை வைத்துவிட்டுப் போயிருப்பார்களே, அதைத் தனியாகச் சாப்பிட்ட போஸ்.

மெய்ஜி கோயிலைச் சுற்றியுள்ள காட்டில் ஒரு மணி நேரம் நடந்தாள். காடு என்றால் தானாக வளர்ந்தது இல்லை. 1920-ல் கோயில் கட்டி முடிந்த காலத்தில் நாடெங்குமிருந்து மக்கள் கொடுத்த சுமார் ஒரு லட்சம் மரங்களை வைத்து உண்டாக்கியது. அங்கிருந்து ஷிபுயா வரை நடையாகவே போய்விட்டாள். நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. ஷிபுயா போய்ச் சேர்ந்தபோது விளம்பரப் பலகைகளின் வெளிச்சத்தில்தான் முகங்களே தெரிந்தன.

ஷிபுயா நிலையத்துக்கு வெளியே ஹச்சிகோ என்ற நாயின் சிலை. எஜமானர் 1925-ல் இறந்த பிறகும் 1935-ல் தான் சாகும்வரை அவருக்காக அந்த நிலையத்தில் காத்திருந்த நாய். அது உயிரோடு இருந்தபோதே, 1934-ல், சிலை வைத்துவிட்டார்கள். போரில் அதை உருக்கிவிட்டதால் 1948-ல் வேறு சிலை வைத்தார்கள். டோக்கியோவில் யாரையாவது சந்திப்பதென்றால் 'ஹச்சிகோ முன்னால்' என்பார்கள். அதனால் அந்தச் சின்ன இடத்தில் எந்நேரமும் கூட்டம். எல்லோரும் கைபேசியைப் பார்ப்பதும் நிமிர்ந்து தேடுவதுமாக. கூட்டத்திலிருந்து ஒரு கை உயரும், இங்கிருந்து ஒருவர் சிரித்துக்கொண்டே ஓடுவார். உடனே அந்த இடத்தில் இன்னொருவர் வந்து நிற்பார்.

அவளும் நின்றாள். இருபது நிமிடம். தானும் யாருக்காகவோ காத்திருப்பதுபோல இரண்டு முறை மணிகூடப் பார்த்தாள். காலையில் சோபா கடையில் பெருமையாக இருந்த விஷயம் சாயங்காலம் ஏன் தொண்டையை அடைக்கிறது என்று அவளுக்கே புரியவில்லை. கால் வலி காரணமாக இருக்கலாம். குளிர் காரணமாக இருக்கலாம். வரப்போகிறவர் யாருமில்லை என்பது அங்கே அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அதிர்ந்தது.

"மூணு பேரும் சேந்து ஒரு போட்டோ அனுப்பு. பாட்டி பாக்கணுங்கறாங்க."

ஆகஸ்ட் மாதம் செண்டாய் தனபதா திருவிழாவில் மூன்று பேரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்று இருந்தது. அனுப்பிவிடலாமா என்று விரல் அதன் மேல் போய் நின்றது. படத்தில் அவள் போட்டிருந்தது அரைக்கை சுடிதார். நவம்பர் குளிரில் அரைக்கையா என்று அம்மா அரை விநாடியில் கேட்பாள். அம்மாக்கள் மலையைப் பார்க்கிறார்களோ இல்லையோ, துணியைப் பார்ப்பார்கள். "சார்ஜ் இல்லம்மா, அப்பறம் அனுப்பறேன்" என்று எழுதினாள். கைபேசியில் அறுபத்திரண்டு சதவீதம் இருந்தது.

ஷின்ஜுகு திரும்பும் ரயிலில் நிற்கத்தான் இடம். நடைமேடையில் 'பெண்கள் மட்டும்' என்று இளஞ்சிவப்பு எழுத்து ஒட்டியிருந்தது. ஆனால் அது வேலைநாள் காலை நெரிசலுக்குத்தான், சனிக்கிழமை ராத்திரிக்கு இல்லை. டோக்கியோவில் கைப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனால்கூடத் தொலையாது என்பார்கள். பைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பெண்களுக்கும் அப்படியே கிடைத்திருந்தால் அந்தப் பெட்டிகளுக்குத் தேவையே வந்திருக்காதே. ஜப்பானில் விற்கும் கைபேசிகளில் படம் எடுக்கும்போது வரும் 'கச்சக்' சத்தத்தை அணைக்க முடியாமல் வைத்திருப்பதும் திருட்டுத்தனமாகப் படம் எடுக்கிறவர்களுக்குப் பயந்துதான். அவள் பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு கதவோரம் ஒண்டிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் ஷின்ஜுகு வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள், அது எந்த ஊரானாலும் மாறுவதில்லை. (பெட்டகத்தைக் கண்டுபிடிக்க ஆன முக்கால் மணி நேரம் தனிக்கணக்கு.)

இரவுக்கு கேப்சூல் ஹோட்டல். முதல் கேப்சூல் ஹோட்டலைக் கட்டடக் கலைஞர் குரொகாவா கிஷோ வடிவமைத்து 1979-ல் ஒசாகாவில் திறந்தார்கள். கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலக ஆண்களுக்காக வந்தது, பெண்களுக்கென்று தளங்கள் வந்தது பிறகுதான். பெண்கள் தளத்துக்குத் தனிச் சாவி அட்டை, அட்டையைக் காட்டினால்தான் லிஃப்ட் அங்கே நிற்கும். சுவரோடு சுவராக இரண்டு அடுக்குப் பொந்துகள். ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் கூட, கையை விரித்தால் இரண்டு பக்கமும் இடிக்கும். சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். ஒன்றே ஒன்றுதான் இல்லை, கதவு. ஒரு திரையை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

தூக்கம் வரவில்லை. பக்கத்துப் பொந்தில் இருமல், மேலே யாரோ திரும்பிப் படுக்கும் சத்தம். முகமே பார்க்காத நாற்பது ஐம்பது பெண்கள், எல்லோரும் ஒஹிதோரிசமா. திரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவளுக்கு அம்மாவின் ஞாபகம்தான். அவளுக்கு நான்கு வயதாக இருக்கும்போது அப்பா மஸ்கட்டுக்குப் போனார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் வருவார். கேஸ் சிலிண்டர், பள்ளிக்கூடச் சேர்க்கை, தாத்தாவின் ஆஸ்பத்திரி, வீடு கட்ட வாங்கிய கடன், புயலில் ஓடு பறந்த ராத்திரி, எல்லாம் அம்மா மட்டும்தான். 'தனியாவா?' என்று அம்மாவை யாரும் கேட்டதில்லை. சந்தோஷமாக எங்கேயாவது கிளம்பினால்தான் அந்தக் கேள்வி வரும் போலிருக்கிறது. அம்மாவும் அப்படி எங்கேயும் கிளம்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அசாகுசா, சென்சோ-ஜி கோயில். அங்கே நூறு யென் போட்டுக் குறி பார்க்கலாம். உலோக டப்பாவைக் குலுக்கினால் ஒரு குச்சி வெளியே வரும், குச்சியில் உள்ள எண்ணுக்கான இழுப்பறையைத் திறந்து சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கோயிலில் பத்துக்கு மூன்று சீட்டு கெட்ட பலன்தானாம், சமரசமே கிடையாது. அவளுக்கும் கெட்டதுதான் வந்தது. பயணம் நல்லதில்லை, எதிர்பார்த்த ஆள் வரமாட்டார். முந்தின நாள் ஹச்சிகோ சிலை முன்னால் நின்றவளுக்கு இது வேண்டுமா! கெட்ட சீட்டை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. அங்கேயே கம்பியில் கட்டிவிட்டு வந்துவிட வேண்டும். கட்டினாள். ஊரில் எல்லாத் தோஷத்துக்கும் இப்படி ஒரு கம்பி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

கோயில் வளாகத்தில் ஒரு கிங்கோ மரம். அந்தப் பருவத்துக்கு மஞ்சளாக, தங்கக் காசு கொட்டிய மாதிரி. ஒரு கையால் கைபேசியை நீட்டித் தன்னையும் மரத்தையும் சேர்த்து எடுக்கப் பார்த்தாள். மரம் வந்தால் முகம் பாதி, முகம் வந்தால் மரம் இல்லை. நாலைந்து முறை 'கச்சக்' கேட்டிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா எழுந்து வந்து கையை நீட்டினார். எண்பத்தைந்துக்குக் குறையாது. கைபேசியை வாங்கியவர் உடனே எடுக்கவில்லை. அவளை அடிமரத்துக்குப் பக்கத்தில் போகச் சொல்லிச் சைகை செய்தார். அங்கே மரம் கருகியிருந்தது. கருகலைக் காட்டினார், வானத்தைக் காட்டினார், கையைத் தாழ்த்தித் தன் இடுப்புக்குக் கீழே ஓர் உயரத்தைக் காட்டினார். நான் அப்போது இவ்வளவு உயரம். வாயால் சொன்னது "பீ நிஜூக்யூ" என்பது மட்டும்தான். பி-29.

1945 மார்ச் 10 விடியற்காலை. டோக்கியோவின் இந்தக் கிழக்குப் பகுதி மேல் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டுகளைப் போட்ட ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் செத்தார்கள். கோயிலின் பெரிய மண்டபமும் எரிந்தது. இப்போது இருப்பது 1958-ல் கட்டி முடித்தது. மரம் மட்டும் கருகிய உடம்போடு மறுபடி துளிர்த்தது.

இதெல்லாம் அவள் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் அவளுக்கு விளங்கியது, இந்தப் பெரியவர் கருகிய இடமும் மஞ்சள் இலையும் அவளும் மூன்றும் வரவேண்டும் என்று நினைக்கிறார் என்பது மட்டுமே. இரண்டடி பின்னால் போனார், முழங்காலை மடக்கினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். ஒரே 'கச்சக்'. திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெஞ்சுக்குப் போய்விட்டார். படம் பிரமாதமாக வந்திருந்தது. வலது மூலையில் மட்டும் மங்கலாக அவருடைய கட்டைவிரல். இன்னொன்று எடுக்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள்.

மற்றதெல்லாம் சாதாரணம். உஎனோ அருங்காட்சியகம், கால் வலி, கடையில் வாங்கிய சோற்று உருண்டை. இரவு ஒன்பதரைக்குப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அம்மாவுக்குப் பின்னால் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த மரத்துக்கிட்ட நிக்கற போட்டோ ரொம்ப அழகா இருக்கு பாப்பா. பாட்டிகூடப் பாத்துட்டாங்க. ஓரத்துல என்னமோ வெரல் மாதிரி தெரியுதே, யாரு வெரலு?"

"அது... ஒரு தாத்தாம்மா. அங்க உக்காந்திருந்தாரு."

"ஏன், அந்தப் பொண்ணுங்க எடுக்கலியா?"

நிலையத்தில் ஏதோ ஓர் ஊருக்குப் போகும் வண்டியை அறிவித்துக்கொண்டிருந்தார்கள். அது முடியும்வரை காத்திருந்தாள்.

"அவங்க வரலம்மா. நான் மட்டும்தான் வந்தேன்."

சீரியல் சத்தம் சட்டென்று நின்றது. அம்மா ரிமோட்டை எடுத்திருக்க வேண்டும்.

"ராத்திரி எங்க படுத்த?"

சொன்னாள்.

"கதவு இருந்துதா?"

"திரைதாம்மா. ஆனா பொம்பளைங்க மட்டும்தான் அந்த மாடில."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திட்டினால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு.

"இன்னும் எத்தன 'ஆமாம்மா'டி இருக்கு, எனக்குத் தெரியாம?"

அவளிடம் பதில் இல்லை. தனியாகப் போனது தப்பு என்று அம்மா கத்தியிருந்தால் அவளிடம் சொல்ல நிறைய இருந்தது. சோபா கடை, ஒஹிதோரிசமா, எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"இல்லம்மா. இது ஒண்ணுதான்."

"சார்ஜ் இல்லன்னியே, அது?"

"...ரெண்டு."

"ம். அப்பாக்கு நீ ஒண்ணும் சொல்லாத, நானே பக்குவமாச் சொல்லிக்கறேன். பஸ்ஸு ஏறிட்டு மெசேஜ் போடு. பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னும் போடு. நெசமாப் போடு."

வண்டி கிளம்பி விளக்கை அணைப்பதற்கு முன்பு போட்டாள். 'ஒரு பொண்ணு. என் வயசுதான் இருக்கும். தூங்கிட்டா.' இரண்டு நீலக்கோடு வந்தது, பதில் வரவில்லை.

காலையில் செண்டாயில் இறங்கியபோது கடுங்குளிர். ஒன்பது மணிக்கு வகுப்பு. நடந்துகொண்டே வாட்ஸப்பைத் திறந்தாள். அம்மாவின் முகப்புப் படத்தில் இத்தனை வருடமாக இருந்த தியாகராஜர் கோயில் கோபுரம் போய், மஞ்சள் கிங்கோ மரம் வந்திருந்தது. அந்தக் கட்டைவிரலைக்கூட வெட்டியிருக்கவில்லை.